முதிர்ந்த தென்னையின் தடி: விறகா, மரமா?

தென்னையின் காய், சிரட்டை, கதம்பை, ஓலை, மட்டை ஆகிய ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு என்பதை இராஜாக்கமங்கலம் பகுதி விவசாயிகளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வூரையும், அடுத்துள்ள ஈத்தாமொழி, கணபதிபுரம், தெங்கம்புதூர் முதலிய ஊர்களையும் சூழ்ந்த மணற்பாங்கான விளைகளில் தென்னையே தலைமைப் பயிர். ஈத்தாமொழி நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு பெற்று, நாடு முழுவதும் அறியப்பட்ட பெயராகிவிட்டது. கதம்பையிலிருந்து தும்பெடுத்துக் கயிறு திரிக்கும் தொழில் அப்பகுதியில் பல குடும்பங்களைக் காப்பாற்றி வருகிறது. முன்னொரு காலத்தில் பாதையோரங்களில் குப்பையாகக் குவிந்து கிடந்த நார்க்கழிவும் இப்போது கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. ஆனால், மரத்தின் மிகப் பெரிய பாகமாகிய தடி ஒன்று மட்டும் இந்த அபிவிருத்தியில் பங்கு பெறவில்லை. காய்ப்பு ஓய்ந்த தென்னை, வியாபாரி கேட்ட விலைக்குச் சூளை விறகாகப் போய்விடுகிறது. அல்லது விளையின் ஓரத்தில் கிடந்து மக்கிப் போகிறது. இவ்வழக்கம் மாற வேண்டும். மாற்றுவதற்கு வேண்டிய சாஸ்திர ஞானம் ஆராய்ச்சி நிலையங்களில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அது கிராமத்துக்கு வந்து சேராததே குறை.

இந்தக் குறையின் விலை எவ்வளவு என்பதை இரண்டு புயல்கள் காட்டின. 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் தேதி வீசிய ஒக்கிப் புயல், கடலில் மீனவர் பலரின் உயிரைக் கொள்ளை கொண்டதோடு, கரையில் கன்னியாகுமரி ஜில்லாவின் வாழை, ரப்பர், தென்னை ஆகிய மூன்றையும் சாய்த்துவிட்டது. அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16-ஆம் தேதி, கஜாப் புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களில் இலட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியது. அப்போது மாநில அரசாங்கத்தார் விழுந்த தென்னை ஒன்றுக்கு ரூ. 1,100 நிவாரணமாக அறிவித்தனர். அதில் ரூ. 600 மரத்துக்கு, ரூ. 500 அதை வெட்டி அப்புறப்படுத்தும் செலவுக்கு. இந்தப் பிரிவினை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. விழுந்த மரம் சொத்தாக மதிக்கப்படவில்லை. காசு கொடுத்து அகற்ற வேண்டிய சுமையாகவே மதிக்கப்பட்டது. நிவாரணம் வழங்கியவர்களின் மேல் இதில் குற்றம் இல்லை. அன்றைய நிலையில் அதை அறுத்துப் பலகையாக்க அருகில் தக்க மில்லும் இல்லை, வாங்கும் கையும் இல்லை. ஆகவே தடி சுமையாயிற்று.

தென்னந்தடியை நம் தச்சர்கள் அவநம்பிக்கையோடு பார்ப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. தேக்கு, பலா, அயினி முதலிய மரங்களுக்கு வைரம் உள்ளே இருக்கும். வெளிப்புறத்து வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதைக் கொள்வது தச்சு வழக்கம். தென்னைக்கும் பனைக்கும் இது தலைகீழ். அவற்றின் உறுதி புறத்தே இருக்கிறது. உள்ளே இருப்பது சோறு போன்ற மென்பாகம். புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்து வைத்தது இந்த வேறுபாட்டைக் கண்டுதான். தற்காலத் தாவர சாஸ்திரமும் அதையே வேறு சொற்களில் உரைக்கிறது. தென்னை ஒரு வித்திலைத் தாவரம். ஆண்டுதோறும் பருத்து வளையம் வளையமாக வளர்வதில்லை. அதற்குக் கிளையில்லை, ஆதலால் கணுவும் இல்லை. கறுத்த நார்க்கற்றைகள் தடியின் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் அருகியும் நிற்கின்றன. மேலும், அடியிலிருந்து நுனியை நோக்கிச் செல்லச் செல்ல உறுதி குறைந்து கொண்டே போகிறது.

ஆகவே ஒரே தென்னையின் தடியில் பல தரமான மரங்கள் அடங்கியிருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. உலர்ந்த நிலையில், அடிப்பாகத்தின் புறப்பகுதி கன மீட்டருக்கு 900 கிலோ வரை நிறையுடையது. உச்சியின் உட்பகுதி 100 கிலோ அளவுக்கும் இறங்கிவிடும். தேக்கின் நிறை சுமார் 650 கிலோ என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் இதை மூன்று தரமாகப் பிரிக்கின்றனர். 600 கிலோவுக்கு மேற்பட்டது உத்திரம், கைமரம், தூண், தளப்பலகை முதலிய பாரந்தாங்கும் வேலைகளுக்கு ஏற்றது. 400 முதல் 600 வரையுள்ளது சட்டம், தடுப்பு, சாமான் முதலியவற்றுக்கு உதவும். 400-க்குக் குறைந்தது பாரமில்லாத உள்வேலைகளுக்கு மட்டுமே உரியது. மூன்றையும் ஒன்றாகக் கலந்து அறுத்து, மென்பாகத்தைக் கைமரமாக ஏற்றி, அது வளைந்தும் உளுத்தும் போனபின், ‘தென்னை ஆகாது’ என்று தள்ளுவது, நெல்லையும் பதரையும் ஒன்றாகக் குத்திவிட்டு அரிசியைப் பழிப்பது போலாகும்.

இந்த ஆராய்ச்சி நேற்றுத் தோன்றியதன்று. பிலிப்பைன் தீவுகளில், 1970-களில், அந்நாட்டுத் தென்னை அதிகார சபையார் ஸாம்போவாங்காவில் உள்ள தங்கள் ஆராய்ச்சி நிலையத்தில், நியூஜிலாந்து அரசாங்கத்தின் உதவியுடன், தென்னந்தடியை அறுத்தல், உலர்த்துதல், மருந்தேற்றுதல், தரம் பிரித்தல் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் பரிசோதித்தனர். நம் அண்டையில், திருச்சூர் ஜில்லா பீச்சியில் 1975-இல் ஏற்பட்ட கேரள வன ஆராய்ச்சி நிலையத்தாரும் தென்னந்தடியைப் பாதுகாக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கின்றனர். 2013-ஆம் ஆண்டு நவம்பரில் பெரும்புயல் ஒன்று பிலிப்பைன் தீவுகளைத் தாக்கி மூன்று கோடிக்கு மேற்பட்ட தென்னைகளுக்குச் சேதம் விளைவித்தபோது, இந்த ஞானம் கைகொடுத்தது. இயந்திர வாள்களும், இடம்விட்டு இடம் கொண்டு செல்லத்தக்க சிறு அறுப்பு மில்களும் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டு, விழுந்த தடிகளிலிருந்தே வீடிழந்தோருக்கு மரம் அறுக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்துக் கஜாப் புயல் வீசிய நம் நாட்டில் தடி சுமையாகக் கிடந்தது. தென்னை இரண்டிடத்தும் ஒன்றுதான், முன்னேற்பாட்டில்தான் வித்தியாசம்.

அயல்நாட்டு உதாரணம் நமக்கு ஒவ்வாது என்று கூறுவோர், இந்த ஜில்லாவின் மேற்குப் பகுதியையே பார்க்கலாம். ரப்பர் மரம் பால் குறைந்து 25, 30 ஆண்டில் வெட்டப்பட்ட போது, ஒரு காலத்தில் அதுவும் விறகாகவும் பெட்டிச் சட்டமாகவும்தான் போயிற்று. வெட்டிய சில நாளிலேயே நீலக்கறை படிந்து, மரத்தை மாவாக்கும் வண்டு விழுந்து, பயனற்றுப் போகும் மரம் அது. ஆனால் வெட்டியவுடன் அறுத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த மருந்தை ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அது நல்ல சாமான் மரமாகும் என்று ஆராய்ச்சியால் தெரியவந்த பின், அதன் கதியே மாறிவிட்டது. மலேயா நாட்டின் மேஜை நாற்காலி ஏற்றுமதியில் பெரும்பகுதி இந்த மரத்தைக் கொண்டே வளர்ந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரி ஜில்லாவிலும் ரப்பர் தோட்டக்காரருக்கு மறுநடவு வேளையில் தடி விற்ற பணம் ஒரு கைம்முதலாக உதவுகிறது. மரம் மாறவில்லை, மரத்தைப் பற்றிய அறிவு மாறிற்று. தென்னை விவசாயிக்கும் அதே நன்மை ஏன் கிட்டக்கூடாது?

செய்ய வேண்டிய முறைகளைச் சுருக்கமாகக் கூறலாம்.

1. தடி முதிர்ந்ததாக இருக்க வேண்டும். இளந்தென்னையின் தடியில் உறுதியான பாகம் சொற்பமே. அறுபது ஆண்டைக் கடந்து காய்ப்பு ஓய்ந்த நெட்டைத் தென்னையே அறுப்புக்குச் சிறந்தது.

2. வெட்டிய தடியை வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்கலாகாது. பச்சைத் தடியில் நீர் மிகுதி. மென்பாகத்தில் மரத்தின் எடையைப் போலப் பல மடங்கு நீர் இருக்கும். சில நாளுக்குள் அறுத்துவிட வேண்டும். இல்லையேல் பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும்.

3. வெட்டுமுன்பே அடிப்பாகம், நடுப்பாகம், நுனிப்பாகம் என்று அடையாளமிட வேண்டும். அறுக்கும்போது முதலில் புறத்தைச் சுற்றிலும் எடுத்து, நடுவை மிச்சமாக விட வேண்டும். புறத்துப் பலகையையும் நடுத்துண்டையும் ஒரே அடுக்கில் சேர்க்கலாகாது.

4. புறப்பாகம் மிகக் கடினமாதலால் சாதாரண வாளின் பல் விரைவில் மழுங்கிவிடும். கடின உலோக முனை பொருத்திய வாள் அவசியம். ஆணி அடிக்குமுன் துளையிட்டுக் கொள்ளாவிடில் மரம் பிளந்துவிடும்.

5. அறுத்த அன்றே பலகைகளை வெண்காரம் ஒன்றரைப் பங்கு, போரிக் அமிலம் ஒரு பங்கு வீதம் சேர்ந்த கரைசலில் அமிழ்த்தி எடுப்பது நலம். மழையில் நனைந்தால் இம்மருந்து கரைந்து போகுமாகையால், இவ்வாறு பக்குவம் செய்த மரம் கூரையின் கீழுள்ள வேலைகளுக்கே உரியது. தென்னை மரத்தை மண்ணில் நேரே நடலாகாது. தூண் நிறுத்துவதானால் கல் அல்லது சிமெண்டுப் பீடத்தின் மேல் நிறுத்துக.

6. நிழலில், காற்றோட்டமாக, பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கி உலர்த்த வேண்டும். ஓரங்குலப் பலகைக்குச் சில வாரங்களும், இரண்டங்குலப் பலகைக்குச் சில மாதங்களும் பிடிக்கும். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் மென்பாகம் சுருங்கி உட்குழியும்.

7. தரத்தை அறியக் கருவி ஒன்றும் வேண்டாம். நன்றாக உலர்ந்த மரத்தில் நீளம், அகலம், கனம் மூன்றும் 10 சென்டிமீட்டராக ஒரு துண்டு வெட்டித் தராசில் நிறுக்க வேண்டும். 600 கிராமுக்குக் குறையாதது முதல் தரம். 400-க்கும் 600-க்கும் இடைப்பட்டது இரண்டாந்தரம். அதற்கும் குறைந்தது மூன்றாந்தரம். பலசரக்குக் கடைத் தராசே இதற்குப் போதும்.

இதனால் வரும் லாபத்தை மிகைப்படுத்திச் சொல்வது நியாயமன்று. ஆயினும் கணக்குப் பார்ப்பது தகும். உதாரணமாக, அறுப்புக்கு உதவும் தடி 12 மீட்டர் நீளமும், சராசரி 25 சென்டிமீட்டர் குறுக்களவும் உடையதென்று வைத்துக்கொண்டால், அதன் மொத்தக் கன அளவு ஏறக்குறைய 20 கன அடி. சேதாரத்தையும் மென்பாகத்தையும் தாராளமாகக் கழித்து, நாலில் ஒரு பங்கே உறுதியான மரமாகத் தேறும் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், மரம் ஒன்றுக்கு 5 கன அடி கிடைக்கும். பத்து மரம் வெட்டும் விவசாயிக்கு 50 கன அடி. நாகர்கோவில் மரக்கடையில் கைமரத்துக்கும் சட்டத்துக்கும் கன அடி என்ன விலை கேட்கிறார்கள் என்று விசாரித்து, அறுப்புக்கூலியையும் மருந்துச் செலவையும் அதிலிருந்து கழித்து, மிஞ்சுவதை விறகு வியாபாரி கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தானே விளங்கும். விற்பதற்கு மனமில்லாதவர் தம் தொழுவத்துக்கும் களஞ்சியத்துக்கும் கூரை போட்டுக் கொண்டாலும் அந்த அளவுக்குக் கைப்பணம் மிச்சமாகும்.

தடியைக் கிடக்கவிடுவதால் நேரும் தீங்கு விலை இழப்போடு முடிவதில்லை. காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுவது மக்கிய தென்னந்தடியிலும் எருக்குழியிலும்தான். ஒரு விளையில் மக்கும் தடி, சுற்றியுள்ள பத்து விளைகளின் இளங்கன்றுகளுக்குச் சத்துரு வளரும் தொட்டிலாகிறது. புயலுக்குப் பின் அகற்றப்படாத தடிகளால் இந்த அபாயம் பன்மடங்காகும். மேலும், வேர்வாடல் நோய் முற்றிய தென்னைகளில் ஆண்டுக்குப் பத்துக் காய்க்குங் குறைவாகத் தருபவற்றை அகற்றிவிட வேண்டும் என்பது காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரின் சிபாரிசு. விவசாயி அதைக் கேட்டுத் தலையசைத்தாலும் கோடரியை எடுப்பதில்லை. வெட்டுக்கூலி கைப்பணத்திலிருந்து போகும், வரவு ஒன்றுமில்லை என்பதே அவர் தயக்கத்தின் காரணம். தடிக்கு நியாயமான விலை கிடைக்குமானால், அந்த யோசனை தானே அமுலுக்கு வரும். மறுநடவும் விரைவில் நடக்கும்.

இனி ஆட்சேபங்களை நோக்குவோம். காய்த்துக் கொடுத்த மரத்தை வெட்டுவது பிள்ளையை வெட்டுவது போலாகும் என்று மூத்தோர் வருந்துவது இயல்பே. அவ்வருத்தத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. தடிக்கு விலை ஏறினால், காய்க்கும் மரத்தையும் பணமுடையால் வெட்டத் துணிவோர் தோன்றக்கூடும். பிலிப்பைன் தீவுகளில் அதுவே நேர்ந்தது. தென்னை மரத்துக்குச் சந்தை பெருகிய பின் வெட்டு வரம்பு மீறிப் போகவே, 1995-இல் அந்நாட்டார் தென்னைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டியதாயிற்று. நெட்டைக்கு 60 வயதும் குட்டைக்கு 40 வயதும் நிரம்பிய மரம், காய்ப்பு ஓய்ந்த மரம், நோய்ப்பட்ட மரம், புயலில் சேதமான மரம் என்று இவ்வாறு வரையறுத்து, அனுமதி பெற்றே வெட்ட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இந்தப் பாடத்தை நஷ்டப்பட்ட பின் கற்பதைவிட முன்னரே கற்பது விவேகம். ஒரு மரம் வெட்டுவதற்கு முந்திய பருவத்திலேயே அதற்கு ஈடாக ஒரு நல்ல கன்று நட்டிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஊரிலும் விவசாயிகள் தாங்களே கட்டுப்பாடாக ஏற்றுக்கொள்வது உத்தமம்.

ஒரு விவசாயியிடம் ஒரே சமயத்தில் ஐந்தாறு தடிகளுக்கு மேல் இராது, அதற்காக எந்த மில்லுக்காரர் வருவார் என்பது மற்றோர் ஆட்சேபம். இது மெய்யே, இதனாலேயே தனி விவசாயியால் இக்காரியம் ஆகாது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு 1981-இல் ஏற்பட்ட தென்னை வளர்ச்சி வாரியத்தின் ஆதரவில் பல ஊர்களில் தென்னை உற்பத்தியாளர் சங்கங்கள் அமைந்துள்ளன. முதிர்ந்த, நோயுற்ற மரங்களை அகற்றி மறுநடவு செய்வதற்கு உதவித் திட்டமும் அவ்வாரியத்தார் நடத்தி வந்துள்ளனர். இராஜாக்கமங்கலம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த விவசாயிகள் ஒரு சங்கமாகக் கூடி, வெட்டும் மாதத்தை முன்கூட்டியே குறித்து, ஊர் ஊராகச் செல்லும் ஒரு சிறு அறுப்பு இயந்திரத்தை வாங்கினால் அல்லது வாடகைக்குப் பேசினால், நூறு தடிகள் ஓரிடத்தில் சேருவது கடினமன்று. மர அறுப்பு மில்லுக்கு லைசென்ஸ் முதலிய சட்ட நிபந்தனைகள் உண்டாதலால், வன இலாகாவை முன்னதாகக் கலந்துகொள்வதும் சங்கத்தின் கடமையாகும்.

தென்னையை மரமாகக் கொள்வதில் நாட்டுக்கும் ஒரு நன்மை உண்டு. மரத்தொழில்களுக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காடுகளிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்தே பெற வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. காடுகளில் மரம் வெட்டுவதை மிகவும் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றத்தார் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவும் பிரசித்தமானது. ஆகவே இனி வீட்டுக்கும் சாமானுக்கும் வேண்டிய மரம் விவசாயியின் நிலத்திலிருந்தே வந்தாக வேண்டும். இல்லையேல் கடல் கடந்து வர வேண்டும். மலையில் பெய்யும் மழை குறையாமல் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் வர வேண்டுமானால், மலைக்காடு நிற்க வேண்டும். விளையிலுள்ள முதிர்ந்த தென்னை அறுக்கப்படும் போதெல்லாம் மலையிலுள்ள ஒரு மரத்துக்குச் சற்று ஆயுள் கூடுகிறது.

கிராம உத்தியோகஸ்தர்கள் இதில் செய்யக்கூடியவை பல. அவரவர் கிராமத்தில் அறுபது ஆண்டைக் கடந்த தென்னைகள் எத்தனை, நோய் முற்றியவை எத்தனை என்று ஒரு கணக்கு எடுத்து வைத்திருப்பது முதலாவது. புயல் வந்தால் விழுந்த தடிகளை எந்தப் பொது இடத்தில் சேர்ப்பது, எந்த மில்லுக்கு அனுப்புவது என்று முன்பே தீர்மானித்து வைப்பது இரண்டாவது. பள்ளிக்கூடக் கொட்டகை, பஞ்சாயத்துக் கட்டடத்தின் உள்வேலை முதலியவற்றில் ஒன்றிரண்டை முதல் தரத் தென்னை மரத்தைக் கொண்டு கட்டிக் காட்டுவது மூன்றாவது. ஒரு கூரை பத்து ஆண்டு உறுதியாக நிற்பதைக் கண்ணால் கண்ட பின், தச்சரின் சந்தேகம் தானே நீங்கும். நூறு பிரசங்கங்களால் ஆகாதது அந்த ஒரு கூரையால் ஆகும். நிவாரண விதிகளை வகுப்போரும், அடுத்த முறை அப்புறப்படுத்தும் செலவுக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை அறுப்பு இயந்திரத்துக்கும் மருந்துக்கும் செலவிட இடம் வைப்பார்களானால், அதே பணம் இருமடங்கு பயன் தரும்.

புயல் நாள் குறித்துச் சொல்லிவிட்டு வருவதில்லை. ஒக்கி வீசிய கடற்கரையில் இன்னொரு புயல் வீசாது என்று எவரும் உறுதி கூற முடியாது. அது வருமுன் ஒரு வாள், ஒரு மருந்துத் தொட்டி, ஒரு நிழற்கொட்டகை, விஷயம் தெரிந்த நான்கு பேர் ஆகிய இவ்வளவு மட்டும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்குமானால், விழுந்த தென்னை விவசாயிக்கு வீட்டுக் கூரையாகத் திரும்பி வரும். இராஜாக்கமங்கலம் விவசாயிகள் இதில் முந்திக்கொள்வார்களாக. இவ்வாண்டே வெட்டவிருக்கும் மரங்களில் ஒரு ஐந்தையாவது விறகுக்குக் கொடாமல், மேற்கண்ட முறைப்படி அறுத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்த்துத் தரம் பிரித்து, செலவையும் வரவையும் ஒரு ஏட்டில் எழுதி வைப்பார்களானால், அடுத்து வருவோருக்கு அந்த ஏடே வழிகாட்டியாகும்.